ஆறாவது நிமிடத்தில் நிற்கும் இன்ஜின்

அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வதை நிறுத்திப் பதினேழு நாளாயிற்று. சண்டைக்குக் காரணம் சொத்து இல்லை, சம்பந்தம் இல்லை, யாரும் யாரைப் பற்றியும் கோள் சொல்லவும் இல்லை. முழங்கை நீளமுள்ள ஒரு ரிமோட் கார்தான் காரணம். அதைப் 'பொம்மை' என்று யாராவது சொன்னால் மட்டும் இருவரும் ஒன்று சேர்ந்து மல்லுக்கு நிற்பார்கள்.

அக்கா நகரப் பேருந்து ஓட்டுநர். வாரத்தில் ஆறு நாள் அறுபது பேரைச் சுமந்துகொண்டு ஊரைச் சுற்றுவாள். ஏழாம் நாள் இந்தச் சின்ன வண்டியை மண் தடத்தில் தாவவிடுவாள். தம்பி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிறவன். கை நடுங்காதவன் என்பதால் பந்தயத்தில் எரிபொருள் ஊற்றும் வேலை அவனுக்கு. அக்கா உயரமான மேடையில் நின்று ஓட்டுவாள். தம்பி கீழே தடத்தோரம் பாட்டிலுடன் குந்தியிருப்பான். பத்து வருடமாக இதே ஏற்பாடு.

அந்தக் காரில் இருந்தது பேட்டரி மோட்டார் இல்லை, கைப்பிடிக்குள் அடங்கிவிடும் அசல் இன்ஜின். மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்த இளஞ்சிவப்புத் திரவத்தைக் குடித்து, நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்று சுற்றி, காது கிழியக் கத்தி, பின்னால் நீலப் புகை விட்டுக்கொண்டு ஓடும். அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி மூன்று பந்தயங்களில் மட்டும் பாதியிலேயே நின்று மானத்தை வாங்கியது.

"நீ கார்புரேட்டர் ஊசியை இறுக்கி இறுக்கியே அதைக் கொன்னுட்டேக்கா. வேகத்து மேல அப்படி ஒரு பேராசை" என்றான் தம்பி.

"நீ டேங்க்ல தூசியை விட்டா அது பாவம் என்ன பண்ணும்?" என்றாள் அக்கா.

அதோடு பேச்சு நின்றது. அதன்பின் இருவருக்கும் நடுவில் தபால்காரி வேலை தம்பியின் மனைவி தலையில் விழுந்தது. அவள் மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். கல்யாணமாகி நான்கு வருடத்தில் அவள் ஒருநாளும் தடத்துப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அந்த எரிபொருள் வாடை மூக்கில் ஏறினாலே அவளுக்குத் தலை கிறுகிறுக்கும். ஆனால் ஒரு கேள்வி மனதில் நுழைந்துவிட்டால் பதில் கிடைக்கும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. அந்தக் குணத்தை வீட்டில் எல்லாரும் அறிவார்கள்.

அடுத்த பந்தயத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது கணவன் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டான். நாத்தனார், அதாவது அந்த அக்கா, பார்க்க வந்தாள். தம்பியின் மாவுக்கட்டைப் பார்த்தாள், கண் கலங்கினாள், ஆனாலும் வாயைத் திறக்காமல் நர்ஸ் பக்கம் திரும்பினாள்.

"கருவிப் பெட்டியை எடுத்துட்டுப் போறேன்னு அவன்கிட்ட சொல்லும்மா."

"ஊத்துறதுக்கு ஆள் இல்லாம எப்படிப் போவாளாம்னு கேளு" என்றான் கணவன், நடுவில் இரண்டடி தூரம் கூட இல்லாமல்.

நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மூணு தடவையும் எந்த இடத்துல நின்னுச்சு?"

"நேர்ப்பாதை முடிஞ்சதும் இடதுபக்கம் ஒரு வளைவு வரும். அங்க" என்றாள் நாத்தனார்.

"மூணு தடவையும் அதே வளைவுலயா?"

"ஆமா."

"அதே நேரத்துலயா?"

நாத்தனார் யோசித்தாள். கணவனும் யோசித்தான். பதினேழு நாளில் முதல் முறையாக இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எந்த நேரத்தில் நின்றது என்பதை அவர்கள் கவனித்ததே இல்லை.

"நான் வரேன் அண்ணி. ஊத்தக் கத்துக்கொடுங்க" என்றாள் நர்ஸ்.

மூன்று நாள் மாலையும் சமையலறைத் தொட்டியில் பயிற்சி நடந்தது. பாட்டிலில் தண்ணீர். இடது கையால் காரைத் தூக்கி, விரலால் டேங்க் மூடியை நெம்பி, பாட்டில் மூக்கைச் செருகி ஒரே பிழி. நரம்பு தேடி ஊசி குத்துகிற கைக்கு அது பெரிய வித்தையாக இல்லை. இரண்டாம் நாளே இரண்டு நொடிக்குள் முடித்தாள். கணவன் நாற்காலியில் உட்கார்ந்து, ஒற்றைக் கையில் கடிகாரம் பிடித்துக்கொண்டு, தன் வேலை இவ்வளவு சுலபமாகக் கைமாறுகிறதே என்று கொஞ்சம் முகம் சுளித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை தடத்தில் பத்துக் கார்கள். மரப்பலகை மேடை, அதன் கீழே நீள மேசைகள், எங்கு பார்த்தாலும் துணி, திருப்புளி, எண்ணெய்க் கறை. நாத்தனார் காரை ஸ்டார்ட்டர் பெட்டிமேல் வைத்து, இன்ஜின் தலையிலிருந்த க்ளோ பிளக்கில் ஒரு சின்ன பேட்டரிக் குச்சியை மாட்டி அழுத்தினாள். இன்ஜின் கத்தத் தொடங்கியது. உடனே குச்சியைப் பிடுங்கிவிட்டாள்.

"அண்ணி, கரண்டை எடுத்துட்டீங்க. இப்ப எதுல தீப்பிடிக்குது?"

"உள்ள ஒரு கம்பிச் சுருள் இருக்கு. ஒருதடவை பழுக்க வச்சுட்டா போதும். மெத்தனால் ஆவி பட்டுப் பட்டு அது தானாவே கனன்றுகிட்டு இருக்கும்."

"தானாவேவா?"

"தானாவே. நின்னாத்தான் அணையும்."

நர்ஸ் குனிந்து பார்த்தாள். உள்ளே இருப்பது எதுவும் தெரியவில்லை. தெரியாததே அவளுக்கு இன்னும் ஆவலைக் கிளப்பியது. ஊசித் திருகு எது என்று கேட்டாள். நாத்தனார் காட்டினாள். கார்புரேட்டரில் ஒரு பித்தளைத் திருகு. வலப்பக்கம் திருப்பினால் எரிபொருள் குறையும், வேகம் கூடும், சூடும் கூடும். இடப்பக்கம் திருப்பினால் எரிபொருள் கூடும், புகை வரும், இன்ஜின் சோம்பும். கடிகாரத்தின் சின்ன முள் ஒரு மணியிலிருந்து இரண்டு மணிக்கு நகரும் அளவுதான் ஒரு தடவையில் திருப்ப வேண்டும். அதற்குமேல் திருப்பினால் குடி முழுகிவிடும்.

"சரியா இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"புகையைப் பாரு, சத்தத்தைக் கேளு, தலைச் சூட்டைத் தொட்டுப் பாரு. தொட்டுன்னா கையால இல்ல, இதால" என்று துப்பாக்கி வடிவ வெப்பமானியை நீட்டினாள்.

இறுதிப் போட்டியில் பத்துக் கார்களும் ஓடலாம்; எது எந்த வரிசையில் கிளம்புவது என்று முடிவு செய்ய முதலில் இரண்டு சுற்றுகள். முதல் சுற்று ஏழு நிமிடம். நர்ஸ் தடத்தோரம் நின்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஐந்து நிமிடம் கார் அம்பாகப் பாய்ந்தது. ஐந்தே முக்கால் நிமிடத்தில் இன்ஜினின் குரல் லேசாக மாறியது. கத்தல் ஒல்லியாகி, கீச்சென்று ஏறியது. ஆறாவது நிமிடம் நேர்ப்பாதையின் கடைசியில் நாத்தனார் வேகத்தைக் குறைத்தாள். கார் இடப்பக்கம் திரும்பியது. திரும்பும்போதே செத்தது.

நர்ஸ் ஓடிப்போய் எடுத்து வந்து வெப்பமானியைக் காட்டினாள். நூற்று முப்பத்தெட்டு டிகிரி.

"அவ்வளவா? நூத்திப் பத்துலதான் இருக்கணும்" என்றாள் நாத்தனார். அவள் முகம் சுருங்கியது.

பக்கத்து மேசையில் ஒரு பல்டாக்டர் தன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்காமலே கருத்துச் சொல்கிறவர், ஆனால் கெட்ட மனுஷர் இல்லை. "ஊசியை ரொம்ப இறுக்கிட்டீங்கம்மா. ரெண்டு மணி தளர்த்துங்க" என்றார். நாத்தனாருக்குச் சுருக்கென்றது. தம்பி சொன்னதும் அதேதான்.

தளர்த்தினாள். இரண்டாம் சுற்றில் கார் மூட்டமாய்ப் புகை விட்டுக்கொண்டு, வயிறு நிறையத் தின்றவனைப் போல அசைந்து அசைந்து ஓடியது. எல்லாரும் முந்தினார்கள். ஆறாவது நிமிடம் தாண்டிப் பத்து நொடி. அதே கீச்சுக் குரல், அதே வளைவு, அதே சாவு.

நாத்தனார் மேடையிலிருந்து இறங்கி வந்தவள் கார் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இன்ஜின் தேஞ்சு போச்சு. வேற ஒண்ணும் இல்ல."

நர்ஸ் ஒரு சிட்டையில் எழுதிக்கொண்டிருந்தாள். மருத்துவமனையில் நோயாளியின் கட்டிலில் தொங்கவிடும் தாளைப் போலவே கோடு போட்டு, நிமிடம், சத்தம், புகை, சூடு என்று பிரித்திருந்தாள்.

"அண்ணி, ஊசியைத் தளர்த்தினா ஃப்யூல் அதிகமாப் போகும்னு சொன்னீங்க. அப்புறம் எப்படி இது ஃப்யூல் பத்தாத மாதிரியே கத்துது?"

நாத்தனார் நிமிர்ந்தாள்.

"தேஞ்ச இன்ஜினுக்கு மணி பாக்கத் தெரியுமா? எப்பவும் ஆறு நிமிஷத்துக்குத்தான் தேயுமா?" என்று கேட்டுக்கொண்டே நர்ஸ் டேங்கைத் திறந்து மிச்சத்தை ஓர் அளவுக் குவளையில் ஊற்றினாள். மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. "வீட்டுல சோதிக்கும்போது டேங்க்ல எவ்வளவு இருக்கும்?"

"நிரப்பிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணுவோம். நாலு நிமிஷம் ஓட்டிப் பாத்து, நல்லா இருக்குன்னு எடுத்து வச்சுடுவோம்."

"அப்ப இதுவரைக்கும் குறைஞ்ச டேங்க்ல யாருமே பாத்ததில்ல."

பல்டாக்டர் குறுக்கே வந்தார். "அப்ப விஷயம் சுலபம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை ஊத்திக்கிட்டே இருங்க. நிக்காது."

நாத்தனாருக்கு அந்த யோசனை பிடித்துப்போனது. இறுதிப் போட்டிக்கு இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருந்தது. நர்ஸ் விடுவதாக இல்லை. "காய்ச்சல்னு வந்தவருக்கு விசிறி விடுற மாதிரி இருக்கு டாக்டர். ஏன் காய்ச்சல்னு பாக்க வேண்டாமா?"

மூன்றில் ஒரு பங்கு எரிபொருளை மறுபடி ஊற்றி, காரைத் தாங்கிமேல் வைத்துக் கிளப்பச் சொன்னாள். இன்ஜின் ஒழுங்காக ஓடியது. நாத்தனார் உதட்டைப் பிதுக்கினாள்.

"இப்ப இது சமமா நிக்குது. வளைவுல எப்படி இருக்கும்? இடதுபக்கம் திரும்பினா உள்ள இருக்குற ஃப்யூல் எந்தப் பக்கம் ஓடும்?"

இந்தக் கேள்விக்கு நாத்தனார் யோசிக்கவே தேவையில்லை. இருபது வருடமாக ஒவ்வொரு நாளும் கண்ணாடியில் பார்ப்பதுதான். "வலதுபக்கம். பஸ்ல நிக்கிற அத்தனை பேரும் வலதுபக்கம் சாய்வாங்க" என்றவள், சொல்லிக்கொண்டே காரைத் தூக்கி வலப்பக்கம் சாய்த்தாள்.

இன்ஜின் கீச்சென்றது.

நர்ஸ் மூக்கு சுடும் அளவுக்குக் கிட்டே போனாள். டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் போகிற மெல்லிய குழாய் கண்ணாடி போன்றது. அதில் இளஞ்சிவப்புத் திரவத்துக்கு நடுவே கடுகு கடுகாகக் குமிழிகள் வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தன. குழாயில் குமிழி என்றால் அவளுக்கு ரத்தத்திலேயே மணி அடிக்கும். அவள் பிரிவில் ஒரு குமிழி போனாலும் ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரம் வீறிட்டுத் தன்னை நிறுத்திக்கொள்ளும்.

"காத்து! அண்ணி, ஃப்யூல் போகல, காத்து போகுது!"

குழாயின் இரு முனையையும் துடைத்துப் பார்த்தார்கள். ஈரமே இல்லை. டேங்கைக் கழற்றிக் காலி செய்து, குழாய்களில் ஒன்றை விரலால் அடைத்து இன்னொன்றில் ஊதி, வாளித் தண்ணீரில் முக்கினார்கள். ஒரு குமிழிகூட வெளியே வரவில்லை. ஓட்டை இருந்தால் ஒழுகியிருக்குமே என்றார் பல்டாக்டர்.

நர்ஸ் தண்ணீர் சொட்டும் டேங்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எங்க மெஷின்ல பம்புக்கு முன்னாடி இருக்குற குழாயில ஓட்டை விழுந்தா ரத்தம் வெளிய வராது. காத்துதான் உள்ள போகும். உறிஞ்சுற பக்கம் ஓட்டை ஒழுகாது. இதுல உறிஞ்சுற குழாய் எங்க ஆரம்பிக்குது?"

"டேங்குக்கு உள்ள. அடிமட்டம் வரைக்கும் ஒரு துண்டுக் குழாய் தொங்கும், நுனியில சல்லடை" என்றாள் நாத்தனார். சொல்லி முடிக்கும்போதே அவள் குரல் மாறிவிட்டது. "டேங்க் நிறைஞ்சிருந்தா அந்தக் குழாய் முழுசா முங்கியிருக்கும். ஓட்டை இருந்தாலும் ஃப்யூலத்தான் உறிஞ்சும். குறைஞ்சா..."

"ஓட்டை வெளிய வந்துடும்."

டேங்க் வாயோ கட்டைவிரல் நுழையும் அகலம். டார்ச் அடித்தால் வெளிச்சத்தில் கண்தான் கூசியது. அப்போது பல்டாக்டர் ஒன்றும் பேசாமல் தன் வண்டிக்குப் போய், பல்லைப் பார்க்கும் வட்டக் கண்ணாடி ஒன்றை எடுத்து வந்தார். டேங்கைக் கடைவாய்ப் பல் பார்ப்பது போலச் சாய்த்துப் பிடித்து, கண்ணாடியை உள்ளே விட்டார். கொஞ்சம் திருப்பினார். "ஆஹா" என்றார். "சொத்தை இருக்கு."

மூவரும் முறை வைத்துப் பார்த்தார்கள். குழாயின் நடுப்பகுதியில், மயிரிழைக் கீறலுக்குப் பக்கத்தில் பொடி ஓட்டை ஒன்று.

நர்ஸ் கணவனுக்குப் போன் செய்தாள். "டேங்க் உள்ள இருக்குற குழாயை எப்பவாவது கழட்டினீங்களா?"

"சல்லடை அடைச்சிருந்துச்சு. வெளிய இழுக்க வரல. ஊக்கு ஒண்ணை வளைச்சுக் கொக்கி மாதிரி விட்டு இழுத்தேன். ஏன்?" என்றவன், பிறகு குரலை இறக்கி, "அக்கா பக்கத்துல இருக்காளா?" என்றான்.

நாத்தனார் போனை வாங்கினாள். "இருக்கேன்டா" என்றாள். திட்டப்போகிறாள் என்று நர்ஸ் நினைத்தாள். நாத்தனார் போனைக் காதில் வைத்தபடி காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நானும் ஒண்ணு சொல்லணும். முதல்தடவை நின்னப்பவே சத்தம் மாறுறது எனக்குக் காதுல விழுந்துச்சு. தோத்ததை அடுத்த பந்தயத்துல ஈடுகட்டணும்னு வேகத்துக்காக இன்னும் இறுக்கினேன். உன்கிட்ட சொல்லல. கை வலிக்குதா?"

அதன்பின் அவர்கள் என்ன பேசினார்கள் என்று நர்ஸ் கேட்கவில்லை. அவள் கருவிப் பெட்டியிலிருந்து புதுக் குழாயில் ஒரு துண்டு வெட்டி, தன் பையிலிருந்த கிடுக்கியால் டேங்கின் வாய்வழியே உள்ளே மாட்டுவதில் மும்முரமாக இருந்தாள். பழைய துண்டைத் தூக்கிப் போடாமல் சிட்டையில் மடித்து வைத்துக்கொண்டாள்.

நோயாளி இன்ஜினுக்கு வைத்த ஊசி அளவு நல்ல இன்ஜினுக்குப் பொருந்தவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. நாத்தனார் தடத்தில் ஓட்டினாள். நர்ஸ் புகையைப் பார்த்துச் சொன்னாள். ஒவ்வொரு மணியாக இறுக்கினார்கள். நான்காவது தடவையில் நேர்ப்பாதையில் இன்ஜினின் பழைய குரல் எழும்பியது. தொண்டையைச் செருமி முடித்தவன் பாடத் தொடங்கியது போல. நர்ஸின் கையில் மயிர் சிலிர்த்தது. சூடு நூற்றுப் பதினொன்று.

இறுதிப் போட்டி அரை மணி நேரம். ஆறாவது நிமிடம் வந்தபோது மேடைக்குக் கீழே நின்ற பல்டாக்டரின் உதவியாள்கூட டாக்டரின் காரை விட்டுவிட்டு இவர்கள் காரைப் பார்த்தார். நேர்ப்பாதை, வேகம் குறைப்பு, இடப்பக்கம். கார் மண்ணை வாரி இறைத்துக்கொண்டு வளைவைத் தாண்டிப் போயே போய்விட்டது. நர்ஸ் தன்னை மறந்து விசிலடித்தாள். அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

இரண்டு தடவை எரிபொருள் ஊற்றினாள், சிந்தாமல். கார் மூன்றாவது இடத்தில் இருந்தது. இருபதாவது நிமிடம் வெயில் சட்டென்று மறைந்தது. பெரிய மேகம் ஒன்று வந்து தடத்தை மூடி, குளிர்ந்த காற்று வீசியது. நர்ஸ் காரின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். புகை மெலிந்தது போல் இருந்தது. மேடையில் இருப்பவளுக்கு அவ்வளவு தூரத்திலிருந்து அது தெரியாது. குளிர்ந்த காற்று அடர்த்தி, அடர்ந்த காற்றுக்கு எரிபொருள் கூட வேண்டும் என்று நாத்தனார் காலையில் சொல்லியிருந்தாள். மெலிந்தது நிஜமா, கண்ணின் மயக்கமா?

மூன்றாம் தடவை கார் உள்ளே வந்ததும் அவள் ஊற்றினாள். காரைக் கீழே வைப்பதற்குப் பதில் திருப்புளியை எடுத்து ஊசியை ஒரு மணி தளர்த்தினாள். நான்கு நொடி போயிற்று.

"என்னம்மா பண்றே அங்க!" என்று மேடையிலிருந்து ஓர் அலறல். பேருந்தின் கடைசி இருக்கை வரை கேட்கிற குரல் அது.

கார் கடைசி நொடி வரை ஓடியது. நான்காவது இடம். மூன்றாவதாக வந்த பல்டாக்டர் முந்தியது மூன்றே நொடி வித்தியாசத்தில்.

நாத்தனார் இறங்கி வந்தாள். நர்ஸ் வெப்பமானியை நீட்டினாள். நூற்றுப் பதின்மூன்று.

"புகை மெலிஞ்ச மாதிரி இருந்துச்சு அண்ணி. அதான்."

"நிஜமாவே மெலிஞ்சுதா?"

"தெரியல."

"திருப்பாம விட்டிருந்தா நின்னிருக்குமா?"

"அதுவும் தெரியல" என்றாள் நர்ஸ். தோற்ற வருத்தத்தை விட அந்தத் 'தெரியல'தான் அவளை அதிகம் அரித்தது. நாத்தனார் அவளை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "நாலு நொடியை எடுத்துட்டு, பதிலும் இல்லாம நிக்கிறியே!"

அடுத்த ஞாயிறு போட்டி எதுவும் இல்லை. ஆனாலும் மூவரும் தடத்துக்கு வந்தார்கள். மாவுக்கட்டுக் கையோடு கணவன் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டான். ஊசியைப் பழைய அளவுக்கே இறுக்கி, அரை மணி நேரம் ஓட்டி, நடுவில் தளர்த்தாமல் விட்டுப் பார்ப்பது என்று திட்டம். முதல் ஓட்டத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது.

"பாத்தியா, தேவையே இல்ல" என்றான் கணவன்.

"இன்னிக்கு முழுக்க வெயில். மேகம் வரலையே. இது கணக்குல சேராது" என்றாள் நர்ஸ்.

"அவ சொல்றது சரிடா" என்றாள் நாத்தனார்.

"நீ எப்பவும் அவ பக்கம்தானே பேசுவ" என்று தம்பி தொடங்க, அக்கா பதில் சொல்ல, இருவரும் ஊசியைப் பற்றிப் பழையபடி உரத்த குரலில் வாக்குவாதத்தில் இறங்கினார்கள். நர்ஸ் டேங்கை நிரப்பி வைத்துவிட்டு, கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் உட்கார்ந்தாள். மேற்கே, மரங்களுக்கு மேலே, சாம்பல் நிறத்தில் ஒன்று மெல்லத் திரண்டுகொண்டிருந்தது. அது இந்தப் பக்கம்தான் வருகிறதா என்று அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.